கம்ப்யூட்டருக்கு முறை சொல்லிக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

கிர்ர்ரீக்... டட்டட்டட்டட்... கிர்ர்ரீக்.

போன மாதம் கிள்ளானில் ஒரு கார் பட்டறையில் பில்லுக்காகக் காத்திருந்தேன். மேசைக்குப் பின்னால் தூசி படிந்த ஒரு பழைய பிரிண்டர், ஊசிகளால் காகிதத்தைக் குத்திக் குத்தி எழுதுகிற வகை, திடீரென்று உயிர் பெற்று அலறியது. கல்லாவில் இருந்த பெண் சங்கடத்தோடு சிரித்தாள். "பழைய மெஷின் லா அக்கா, காது போயிரும்." அலறட்டும் என்றேன். அந்த ஒரு கிறீச்சில் கிள்ளான் வெயில் கரைந்துபோனது. ஜன்னல் கண்ணாடியில் பனி வழிந்தது. தேயிலை வறுபடும் வாசனை எங்கிருந்தோ ஏறி வந்தது. ஒரு மலையே எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, 'என்னடி, மறந்துட்டியா?' என்று கேட்டது.

மறப்பேனா?

எண்பதுகளின் கடைசி. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். பிரிஞ்சாங்கைத் தாண்டி, பாம்பு சட்டை கழற்றிப் போட்ட மாதிரி வளைந்து வளைந்து உள்ளே போகும் ஒற்றைச் சாலை. அதன் முடிவில் பேக்டரி, ஆபீஸ், கோயில், வரிசை வரிசையாக எங்கள் வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் லயங்கள். அங்கேயே பிறந்தவள் நான். அம்மா பெரிய கத்தரியால் கொழுந்து வெட்டுகிறவர். ஐந்தாம் படிவம் முடித்ததும் ஈப்போவுக்குப் போய்க் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து, கையில் ஒரு சான்றிதழும் மனசு நிறைய அவசரமுமாகத் திரும்பி வந்தேன். தோட்டத்து ஆபீசில் கம்ப்யூட்டர் வாங்கியிருந்த நேரம். மேனேஜருக்கு அதைத் தொடவே பயம். மேனேஜரை நாங்கள் அப்போதும் துரை என்றுதான் சொல்வோம். "நீ பார்த்துக்கோ" என்று சொல்லி, அந்தப் பெட்டியையும் அதன் பிரிண்டரையும் என்னிடம் தள்ளிவிட்டார். தோட்டத்தில் ஆபீஸ் குமாஸ்தாவுக்குக் கிராணி என்று பெயர்; இருபது வயதில் ஒரு தோட்டமே என்னைக் கிராணியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது.

யாருடைய பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. தோட்டத்தில் பெயர் யாருக்கு வேண்டும்? வாயைத் திறந்தால் முறைதான். பக்கத்து வீட்டுக்காரர் மாமா, எதிர்வீட்டம்மா அத்தை, தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடுகிறவள்கூடச் சித்திதான். ரத்த சொந்தமா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

பெட்டிக்கு உள்ளே ஒன்றுமில்லை. கறுப்புத் திரையில் ஒரு பச்சைக் கோடு மினுக்மினுக்கென்று விழித்துக்கொண்டு, 'சொல்லு, சொல்லு' என்று நிற்கும். எல்லாவற்றையும் நான்தான் எழுத வேண்டும். எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம், ஈப்போவில் வகுப்பு நடந்த கடைவீட்டின் கீழே ரேடியோ ரிப்பேர் செய்து கொண்டிருந்த ஒரு சீனர். கம்ப்யூட்டர் பைத்தியம். பல வருட ஞாயிறுகளைச் செலவழித்து அவர் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். அது முழு வீடு இல்லை, தூணும் கூரையும் மட்டும். மெனு வரும் இடம், புதிய ஆளைச் சேர்க்கும் திரை, தேடும் திரை, அச்சடிக்கும் பகுதி. எந்தத் தொழில்காரனும் எடுத்துத் தன் சுவரைத் தானே எழுப்பிக்கொள்ளலாம். ஒரு வரியைக்கூட அவர் பூட்டி வைக்கவில்லை. நான் ஊருக்குத் திரும்புகிற அன்று அந்த டிஸ்க்கை என் கையில் திணித்தார். "அம்பில் லா, ஜாங்கான் மாலு" என்றார். எடுத்துக்கொள், கூச்சப்படாதே. எதையாவது மாற்றினால் மாற்றியதை எனக்கும் ஒரு பிரதி கொடு, அவ்வளவுதான் என்றார். இன்று இதற்கு ஓப்பன் சோர்ஸ் பிரேம்வொர்க் என்று பெயர் இருக்கிறது, உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. நானே அப்படி ஒன்றை வைத்துத்தான் வெப் அப்ளிகேஷன் கட்டிப் பிழைக்கிறேன். அன்று அது வியர்வை படிந்த உள்ளங்கையிலிருந்து இன்னொரு உள்ளங்கைக்குப் போன ஒரு கறுப்புச் சதுரம்.

துரை கேட்டது எளிது: எந்த லயத்தில், எந்த வீட்டில், யார் யார் இருக்கிறார்கள்? வீடுகளுக்கு ஓர் அட்டவணை போட்டேன். ஆட்களுக்கு இன்னோர் அட்டவணை. வீட்டுக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். ஆளின் வரியில் வீட்டு எண்ணை எழுதிவிட்டால் போதும், இரண்டு அட்டவணையும் கைகோத்துக்கொள்ளும். முதன்முதலாக ஒரு வீட்டு எண்ணைத் தட்டியதும் அந்த வீட்டுக் குடும்பமே திரையில் வரிசையாக வந்து நின்றபோது, ஆபீசுக்கு வெளியே ஓடிப்போய் மழையில் நின்று சிரித்தேன். காவலாளி என்னைப் பேய் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்.

கை சும்மா இருக்குமா? ஆளின் வரியில் அப்பாவின் எண், அம்மாவின் எண், கட்டிக்கொண்டவரின் எண் என்று மூன்று கட்டங்களைச் சேர்த்தேன். பிறகு ஒரு தேடல் எழுதினேன். இரண்டு பேரின் எண்ணைக் கொடுத்தால் இருவரிடமிருந்தும் மேலே ஏறும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கட்டிக்கொடுத்த வழி, கட்டிக்கொண்ட வழி. இரண்டு பாதையும் எங்கேயாவது சந்தித்தால் சொந்தம் என்று சொல்லி வழியையும் அச்சடித்துக் கொடுக்கும். சந்திக்காவிட்டால் 'தொடர்பு இல்லை'.

இந்தச் செய்தி எப்படித்தான் பரவியதோ! மழைக்கு வேலை நிற்கும் போதெல்லாம் கூடையோடு பெண்கள் ஆபீஸ் வராந்தாவில் கூடிவிட்டார்கள். "கிராணியம்மா, எனக்கும் மேல் லயத்துக்காரிக்கும் சொந்தமான்னு பாரு." "எனக்கும் கோயில் தலைவருக்கும் பாரு, ரொம்பத்தான் மெதக்குறாரு." ஓர் அம்மா ரகசியமாகக் குனிந்தார். "எனக்கும் என் மாமியாருக்கும் ஒரு சொந்தமும் இல்லன்னு வருதா பாரு, தங்கம். அந்தக் காயிதத்தக் கையில வச்சிக்கிட்டே சந்தோசமா செத்துருவேன்." வராந்தா குலுங்கியது. மாமியாரும் அங்கேதான் நின்றிருந்தார். அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். என் தோழி.

பேக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை அவளுக்கு. தலைமுடியிலும் இமையிலும் தேயிலைத் தூசி ஒட்டியபடியே ஒரு மத்தியானம் வந்து என் மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உன் பெட்டி பொய் சொல்லுமாடி?"

"நாம பொய்ய எழுதுனா சொல்லும். ஏன்?"

அப்போதுதான் சொன்னாள். கியா பார்மிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிப்போகும் லோரிக்காரப் பையனும் அவளும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். எனக்கு முன்பே தெரியும். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அவன் லோரி பேக்டரியைக் கடக்கும்போது மட்டும் ஹாரன் தானாக அடித்துக்கொள்ளும். சிக்கல் அவர்கள் அப்பாக்களிடம்தான். பையனின் அப்பாவும் லோரி டிரைவர். தோட்டத்துத் தேயிலையை மலையடிவாரத்தில் இருக்கும் தாப்பாவுக்கு இறக்குகிறவர். அவரை லோரிக்காரர் என்றே சொல்கிறேன். தோழியின் அப்பா பேக்டரியில் தேயிலை காயவைக்கும் பெரிய அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர், அவர் அடுப்புக்காரர். இருவரும் அண்ணன் தம்பி. அப்படியென்றால் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை. தங்கையைக் கட்டிக்கொள்வதா? வாயில் எடுக்கலாமா?

ஆனால் லோரிக்காரரும் அடுப்புக்காரரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. அவர்கள் இருவரின் அப்பாக்களும் தாய்நாட்டிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். வேறு வேறு ஊர், முன்பின் தெரியாது. கடலில் இருவரும் ஒரே பாயில் படுத்தார்களாம், ஒருவர் வாந்தியை மற்றவர் துடைத்தாராம். கரை இறங்கும்போது 'இனி நாம அண்ணன் தம்பி' என்று பேசிக்கொண்டார்களாம். பேசிய பேச்சை அப்படியே நடத்தியும் காட்டினார்கள். ஒருவர் வீட்டுச் சாவில் மற்றவர் வீட்டில் தீட்டு. ஒருவர் வீட்டுப் பொங்கலில் மற்றவர் வீட்டுப் பானை. அடுத்த தலைமுறை அதையே இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"கம்போங் ராஜாவிலேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்க. வர்ற ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு," என்றாள். "அப்பா வாக்குக் குடுத்துட்டாருன்னா மாத்த மாட்டாரு. உன் பெட்டி சொந்தம் இல்லன்னு சொன்னாக் கேப்பாங்கடி. காயிதத்துல அடிச்சு வந்தா நம்புவாங்க." பேசிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ ஒருத்திதான் இருக்க," என்றாள்.

எனக்கு ஒரே குஷி. இவ்வளவு பெரிய கேள்விக்கு விடை என் கையில்! இரத்தமும் இல்லை, தாலியும் இல்லை, கப்பலில் பேசிய பேச்சு மட்டும்தானே? ஒரு பொத்தான். முடிந்தது கதை.

பெண் பார்க்க வருவதற்கு ஒரு வாரம் முந்திய ஞாயிறு காலை இரண்டு அப்பாக்களையும் ஆபீசுக்கு வரச் சொன்னேன். துரையிடம் அனுமதி வாங்கியிருந்தேன். வேடிக்கை பார்க்கிற ஆசையில் இருவரும் வந்தார்கள். லோரிக்காரர் ஆள் பெரிய உருவம், நாற்காலி முனகியது. அடுப்புக்காரர் மெலிந்தவர், அதிகம் பேசாதவர், கோயிலுக்கு வருவதுபோல் சட்டையை முழுக்கப் பட்டன் போட்டிருந்தார். தோழியின் அம்மா ஒரு பிளாஸ்க் நிறையத் தேநீரும் கிண்ணங்களும் கொண்டுவந்து வாசலோரம் நின்றுகொண்டார். வெளியே, ஜன்னலுக்கு நேராக, தோழி பறிப்பதற்கு ஒன்றுமே இல்லாத செடியில் எதையோ பறித்துக்கொண்டிருந்தாள். சாலையில் பையன் ஏற்கெனவே பளபளத்த லோரியை மறுபடி கழுவினான்.

இரண்டு எண்களையும் தட்டினேன். பச்சைக் கோடு யோசித்தது. பிரிண்டர் அலறியது: கிர்ர்ரீக்.

"என்னா எழுதியிருக்கு?" என்றார் லோரிக்காரர்.

"தொடர்பு இல்லைன்னு வந்திருக்கு, மாமா." என் குரலில் இருந்த கொண்டாட்டம் இப்போதும் என் காதில் கேட்கிறது.

"யாருக்கும் யாருக்கும்?"

"உங்க மகனுக்கும் இவுங்க மகளுக்கும்."

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "அப்ப எனக்கும் இவனுக்கும்?"

அதை நான் யோசிக்கவே இல்லை. "அதுவும்... இல்ல, மாமா."

அடுப்புக்காரர் மெல்ல எழுந்தார்.

"எங்கப்பா செத்தப்ப," என்றார் லோரிக்காரர், சத்தமே இல்லாமல், "இவன் அப்பா மொட்டை போட்டுக்கிட்டு வந்தாரு. சின்னப் பிள்ளை இவனுக்கும் போட்டுக் கூட்டியாந்தாரு. எனக்கொன்னு, இவனுக்கொன்னு, மொட்டைத் தலையோட ரெண்டு பேரும் சுடுகாட்டுல கையப் புடிச்சிக்கிட்டு நின்னோம். அது தெரியாதா இந்தப் பெட்டிக்கு?"

"வாங்கண்ணே, போலாம்," என்றார் அடுப்புக்காரர். வாசல்வரை போய்த் திரும்பினார். அவர் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. "கிராணியம்மா, நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. ஆனா என் அண்ணன அழிச்சிட்டுத்தான் என் மகளக் குடுக்கணும்னா, அப்படி ஒரு கல்யாணம் எங்களுக்கு வேணாம்மா."

ஜன்னலுக்கு வெளியே தோழியின் கை அந்தச் செடியிலேயே நின்றுவிட்டது.

என்ன செய்வது? பெட்டி பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையும் சொல்லவில்லை. அதற்கு நான் கொடுத்த உலகத்தில் பெற்றவர்களும் கட்டிக்கொண்டவர்களும் மட்டும்தான் இருந்தார்கள். கப்பல் இல்லை. பாய் இல்லை. இரண்டு மொட்டைத் தலை இல்லை. இதை எப்படி அப்படியே விடுவது?

"உக்காருங்க, மாமா," என்றேன். "பெட்டிக்கு ஒன்னும் தெரியாது. நான்தான் சொல்லிக்குடுக்கல. இப்பச் சொல்லிக்குடுக்குறேன். நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதுறேன்."

அவர்கள் கண்முன்னாலேயே புதிதாக ஓர் அட்டவணையைத் திறந்தேன். யார், யாருக்கு, என்ன முறை, எப்படி வந்தது. நான்கே கட்டம். முதல் வரியில் லோரிக்காரரின் எண், அடுப்புக்காரரின் எண், 'அண்ணன்', 'கப்பல்'. திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன். லோரிக்காரர் விரலை நீட்டி அந்தப் பச்சை எழுத்தைக் கண்ணாடி மேலேயே தடவினார். "ம்ம். இப்ப இருக்கு," என்றார். நாற்காலி மறுபடி முனகியது.

வெளியே தோழி இரண்டு கையையும் விரித்து வாயைத் திறந்து காட்டினாள். 'எந்தக் கட்சிடி நீ?' அவள் கேட்டது சரிதான். அவள் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்ற சுவரை நானே சிமெண்ட் பூசிக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் கை நிற்கவில்லை.

மனிதர்களைப் பாருங்கள், கோபமாக வந்தவர்கள் இப்போது போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். எழுது, இன்னாருக்கு இன்னார் வளர்ப்பு மகன். எழுது, அந்தக் கிழவிக்கு இந்தப் பிள்ளை கொள்ளி வைத்தது. யார் யாரை என்னவென்று கூப்பிடுகிறார்கள், யார் யாருக்கு எதைச் செய்தார்கள் என்று லயம் லயமாக வந்தது. என் பழைய அட்டவணைகள் இதற்கு முன்னால் எலும்புக்கூடு. சதையும் முகமும் இப்போதுதான் வந்தன. தோழியின் அம்மா தேநீரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே அங்கங்கே திருத்தினார்.

"இன்னொன்னு எழுது," என்றார் அடுப்புக்காரர். அவருக்குப் பேச்சு சூடு பிடித்துவிட்டது. அண்ணன் பெருமையைப் பதிய வைக்காமல் விடமாட்டார் போலிருந்தது. "என் மக பெரிய மனுசி ஆனப்ப எல்லாத்தையும் முன்ன நின்னு செஞ்சது என் அண்ணன்தான். எழுது."

"என்னா செஞ்சாருன்னு போடட்டும், மாமா?"

"ஓலை கொண்டாந்தாரு. இந்தக் குளுருல இங்க ஏது தென்ன மரம்? தாப்பா வரைக்கும் எறங்கிப் போயி, லோரி நெறைய பச்சை ஓலை கொண்டாந்து, அவரு கையாலயே குடிசை கட்டுனாரு. தட்டு எடுத்தாரு. மாலை போட்டாரு. அந்த மாதிரி ஒரு சீரு இந்தத் தோட்டத்துல அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல."

யார், யாருக்கு என்று இரண்டு கட்டத்தை நிரப்பிவிட்டேன். மூன்றாவது கட்டத்தில் பச்சைக் கோடு காத்து நின்றது. என்ன முறை?

என் விரல்கள் அப்படியே நின்றன.

"மாமா," என்றேன். "குடிசை கட்டுனதுக்கு என்னா முறைன்னு போடுறது? பெரியப்பான்னா?"

"பெரியப்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். நம் ஆட்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பெரியப்பா எங்கேயாவது குடிசை கட்டுவாரா? பெண் பெரியவளானால் பச்சை ஓலை கட்டுகிற உரிமை ஒரே ஓர் ஆளுக்குத்தான்.

வாசலோரத்திலிருந்து தோழியின் அம்மா, பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே, வெகு சாதாரணமாகச் சொன்னார். "தாய்மாமன்னு போடு. எனக்குக் கூடப் பொறந்தவுங்க யாரு இருக்கா? அண்ணந்தானே செஞ்சாரு."

"எந்த அண்ணன்?" என்றார் கணவர்.

"இதென்னா கேள்வி? இந்தா உக்காந்திருக்காரே, இந்த அண்ணந்தான்."

"ஏய், அவரு எனக்கு அண்ணன். நீ அவர மாமான்னுல்ல கூப்புடணும்?"

"யாரு சொன்னா? அவுங்க வீடும் எங்க வீடும் ஒரே லயம். உங்களக் கட்டிக்கறதுக்கு முந்தியே அவரு எனக்கு அண்ணன். பல்லு மொளைக்கறப்பவே அண்ணேன்னுதான் கூப்புட்டேன். நீங்க வந்து தாலி கட்டுனதும் மாத்திக்கவா? கல்யாணமாகி இத்தன வருசம் அண்ணே அண்ணேன்னுதானே கூப்புடுறேன். ஒங்க காதுல விழலையா?"

விழுந்திருக்கும். நாள் முழுக்க ஆயிரம் அண்ணே காதில் விழுகிற தோட்டத்தில் அது எந்த வீட்டு அண்ணே என்று யார் நின்று கேட்டார்கள்? அப்பா வழியில் பெரியப்பாவாக இருப்பவரே அம்மா வழியில் தாய்மாமனாகிச் சீரும் செய்துவிட்டார். தோட்டமே வரிசையில் உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டு எழுந்து போயிருக்கிறது. ஒருவருக்கும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

லோரிக்காரர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்ப... உன் மக எனக்கு..."

"மருமக," என்றார் அந்த அம்மா. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

குளிர்காலைகளில் தேயிலை லோரி உடனே கிளம்பாது. முதலில் ஒரு இருமல், பிறகு ஒரு குலுக்கல், பிறகு மலையே அதிரும்படி ஒரு முழக்கம். லோரிக்காரரின் சிரிப்பும் அப்படித்தான் வந்தது. வயிறு குலுங்கி, தோள் குலுங்கி, கண்ணில் நீர் வழிந்தது. அடுப்புக்காரர் திகைத்துப்போய் அவரையே பார்த்தார்.

"அப்ப நான் உங்களுக்கு யாருண்ணே?"

"மச்சான்!" என்று தொடையைத் தட்டினார் லோரிக்காரர்.

"இத்தன வருசமா அண்ணேன்னு கூப்புட்டதெல்லாம்?"

"அதையும் வச்சுக்க லா. யாரு வேணாம்னா? மொட்டை போட்டது போட்டதுதான், ஓலை கட்டுனது கட்டுனதுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் சட்டென்று கவலையானது. "பெட்டி ஒத்துக்குமா?"

தட்டினேன். ஒத்துக்கொள்ளவில்லை. 'இந்த உறவு ஏற்கெனவே உள்ளது' என்று திரையில் பிடிவாதமாக நின்றது. லோரிக்காரர் தோழிக்குப் பெரியப்பா என்று, லயம் லயமாக எழுதியபோதே பதிந்த அதே இரண்டு எண்கள். இரண்டு பேருக்கு நடுவே ஒரே ஒரு வரிதான் இருக்கலாம் என்று, எல்லாம் தெரிந்தவள்போல், நானே விதி எழுதியிருந்தேன். ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு ஒரே ஒரு முறைதான் ஆக முடியும் என்று எந்தப் புண்ணியவான் எனக்குச் சொன்னான்?

"கொஞ்சம் பொறுங்க," என்றேன். புரோகிராமின் உள்ளே போனேன். பூட்டில்லாத வீடு அது. எந்த அறைக்குள்ளும் போகலாம். வரிகள் சரசரவென்று ஏறின. என் தோளுக்குப் பின்னால் இரண்டு பெரிய மனிதர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏதோ எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தார்கள். "அந்த ஸ்குரூவா?" என்றார் லோரிக்காரர். "அதேதான் மாமா," என்றேன். இரண்டு எண் மட்டும் போதாது, முறையும் சேர்ந்தால்தான் ஒரு வரி என்று விதியை மாற்றி எழுதினேன். வெளியே வந்து மறுபடி தட்டினேன்.

ஏற்றுக்கொண்டது.

பிரிண்டர் அலறியது. அன்று அது எனக்கு நாதஸ்வரம். பெரியப்பா, கப்பல் வழி. தாய்மாமன், சீர் வழி. ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு வரி, இரண்டும் உண்மை. லோரிக்காரர் காகிதத்தைக் கிழித்தெடுத்துக்கொண்டு ஜன்னலைத் தள்ளித் திறந்தார். பனியும் வெளிச்சமும் ஒன்றாக உள்ளே கொட்டின.

"அடியே மருமகளே! அந்தச் செடிய விடு, மொட்டையாக்கிட்ட. உள்ள வா. டே, அங்க லோரி கழுவுனது போதும், பெயின்ட் போயிரும். நீயும் வா!"

தோழி நகரவில்லை. அவள் காதுகளை அவளே நம்பவில்லை. பிறகு வாளி சாலையில் உருண்ட சத்தம் கேட்டது. ஹாரன் அடித்தது. இந்த முறை நிஜமாகவே தானாக அடித்திருக்க வேண்டும். லோரியில் யாருமே இல்லை என்று இன்றுவரை அவன் சத்தியம் செய்கிறான்.

முணுமுணுப்பு இல்லாமலா? பெட்டியைக் கேட்டு முறையை மாற்றுகிறார்கள் என்று கோயில் பக்கம் பேச்சு வந்தது. "பெட்டி எங்க சொல்லுச்சு? ஓலை சொல்லுது," என்றார் லோரிக்காரர். "நீயும்தான் அந்தச் சீருக்கு வந்து ரெண்டு வாட்டி பாயாசம் வாங்கிச் சாப்புட்ட. அப்பக் கேட்டிருக்கலாம்ல?" கேட்டவர் வாயை மூடிக்கொண்டார். கம்போங் ராஜாக்காரர்களிடம் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை என்பதால் மரியாதையாகச் சொல்லி அனுப்ப முடிந்தது. சொல்லப் போனவரும் லோரிக்காரர்தான். கதையை எந்த அழகில் சொன்னாரோ, அவர்கள் கல்யாணத்துக்கே வந்துவிட்டார்கள்.

கல்யாணத்தன்று தோட்டம் முழுக்க வெயில். கேமரன் மலையில் அப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததில்லை. அடுப்புக்காரர் பேக்டரி அடுப்பை அணைத்துவிட்டுக் கல்யாண அடுப்பைப் பற்றவைத்தார். அவரை மாப்பிள்ளை 'சித்தப்பா' என்று கூப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு 'மாமா' என்றான். எது வேண்டுமானாலும் கூப்பிடு, சோறு ஒன்றுதான் என்றார் அவர். இரண்டு அப்பாக்களும் கைகோத்துக்கொண்டு பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இது சம்பந்திகளா, அண்ணன் தம்பியா, மாமன் மச்சானா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

நான் பிறகு பல ஊர்களுக்குப் போனேன். எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பெட்டிகள் மெலிந்தன, திரைகள் வண்ணமாயின, அட்டவணைகள் கடல் தாண்டிய ஏதோ ஓர் இடத்தில் இருக்கின்றன. இன்றும் ஒரு புது வேலைக்கு முதல் அட்டவணை போடும்போது, இரண்டு பேருக்கு நடுவே ஒரே ஒரு கோடு போதும் என்று யாராவது சொன்னால், என் விரல்கள் பச்சைக் கோட்டின் முன் நின்றதுபோல் நின்றுவிடுகின்றன. மனிதர்கள் ஒருவரையொருவர் என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்காமல் அவர்களுக்காக எதையும் கட்டக்கூடாது என்பதை எனக்கு எந்த வகுப்பும் சொல்லித் தரவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டே ஒரு ஞாயிறு காலை சொல்லித் தந்தது.

கோலாலம்பூரில் வேலை கிடைத்து நான் மலையிறங்கிய அன்று, தானா ராத்தா பஸ் நிலையத்துக்குத் தோழியின் அம்மா வந்திருந்தார். ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்து, மடியில் ஒரு பொட்டலம் வடையை வைத்துவிட்டு, கீழே இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தார். தோழி அப்போது மாசமாக இருந்தாள். இரண்டு வீட்டிலும் அதே பேச்சு. டிரைவர் எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டார். அந்த இரைச்சலில் தோழியின் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பெட்டியில அண்ணனுக்கும் எனக்கும் சம்பந்தின்னும் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் அத்தை. உங்க ரெண்டு பேருக்கும் இப்ப ரெண்டு வரி இருக்கு."

பஸ் நகர்ந்தது. அவர் கூடவே நடந்தார், பிறகு கூடவே ஓடினார். கூந்தல் அவிழ, சிரித்துக்கொண்டே, எஞ்சினை மிஞ்சிக் கத்தினார்.

"எங்களுக்குக் கீழ ஒரு வரி காலியா வச்சிட்டுப் போ, தங்கம்! வரப்போற பிள்ள எங்கள என்னான்னு கூப்புடுதோ, அத அதுவே வந்து சொல்லட்டும்!"